முதல் ஆட்டம்: தடி எதிர் பொடியள்

சீனன்குடாவில் பின்னேரம் ஒரு பந்தை உருட்டிவிட்டுப் பாருங்கள். பதினொரு பேர் கேட்டால் முப்பது பேர் வந்து நிற்பார்கள். பந்தைக் கண்டு பொடியள் தெறித்து ஓடிய கதையை இங்கே சொன்னால் யார் நம்புவார்? ஆனால் 1891 இல், காஷ்மீரின் ஸ்ரீநகரில் அதுதான் நடந்தது.

ஓடியவர்கள் சி.எம்.எஸ். மிஷன் பள்ளி மாணவர்கள்; பெரும்பாலும் பண்டிதர் எனப்படும் காஷ்மீரப் பிராமணர் வீட்டுப் பிள்ளைகள். விரட்டியவர் புதிதாக வந்திருந்த செசில் டின்டேல்-பிஸ்கோ பாதிரியார். 1884 படகோட்டத்தில் கேம்பிரிட்ஜ் ஒக்ஸ்போர்ட்டை வென்றபோது சுக்கான் பிடித்தவர். சுக்கான்காரர் துடுப்புப் போடுவதில்லை. குந்தியிருந்து மற்றவர்களை விரட்டுவார். கோச் வேலைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

பந்து எதனால் செய்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். தோல் என்றார். அப்படியென்றால் தீட்டு, தொடமாட்டோம் என்றார்கள். கோயில் தவிலின் தோலுக்கு இல்லாத தீட்டு பந்துக்கு எங்கிருந்து வந்ததோ!

கோச் வாதாடவில்லை. யார் எங்கே நிற்பது என்று கரும்பலகையில் கீறிக் காட்டினார். பிறகு ஆசிரியர்களின் கையில் தடியைக் கொடுத்து, அணியைத் திடலுக்கு ஓட்டிவரச் சொன்னார். அணியின் சீருடையோ, கால்வரை தொங்கும் ஃபிரன் அங்கியும் மரமிதியடியும். அங்கிக்குள் குளிருக்குக் கங்ரி நெருப்புச்சட்டி வைத்துக்கொள்வதும் அந்த ஊர் வழக்கம். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது.

பந்து நடுவில் கிடந்தது. ஒருவனும் உதைக்கவில்லை. கோச் மணிக்கூட்டைப் பார்த்துத் தவணை கொடுத்தார். தவணை முடிந்ததும் தடிகள் முன்னேறின. அவ்வளவுதான், மிதியடி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், ஆசாரம் இன்னொரு பக்கம் பறந்தன. முதல் ஆட்டத்தில் எதிரணியே கோச்தான்.

இடையில் பந்து ஒருவனின் முகத்தில் பட்டது. தீட்டுப்பட்டுவிட்டதென்று ஓவென அழுதான். வாய்க்காலில் கழுவிக் கூட்டிவாருங்கள் என்றார் கோச். கழுவினார்கள், வந்தான், ஆட்டம் தொடர்ந்தது. பரம்பரைத் தீட்டைப் போக்க வாய்க்கால் தண்ணீர் போதுமாக இருந்தது.

எல்லாவற்றிலும் ஆண்மகனாக இரு என்பது அந்தப் பள்ளியின் விருதுவாக்கு. தடியால் விரட்டினால் ஆண்மை வரும் என்பது அக்காலத்துத் துரைமாரின் சாத்திரம். பண்டிதர் சாத்திரத்துக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல.

1986 உலகக் கிண்ணத்தில் முழுக்கச் செயற்கைப் பொருளால் செய்த பந்து வந்தது. தோல் துளியும் இல்லை. பொடியள் இன்னொரு 95 வருஷம் பொறுத்திருந்தால் அடியும் இல்லை, தீட்டும் இல்லை.