விளக்குமாற்றுக்கு என்ன படிப்பு?

மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகம் ஒன்றில் 1990களிலிருந்து கூட்டிக் கழுவிக்கொண்டிருந்த சில பெண்களும், செடிகொடிகளைப் பார்த்துக்கொண்ட ஒரு தொழிலாளியும் பணி நிரந்தரம் கேட்டார்கள். கிடைத்த பதில்களில் ஒன்று: போதிய கல்வித் தகுதி இல்லை. இத்தனை வருஷம் செருப்பு மண்ணோடு அந்தத் தரையில் நடந்த ஐயாமார் ஒருவருக்கும் இந்தக் குறை கண்ணில் படவில்லை. விளக்குமாறு பிடிக்கத் தேவைப்படாத படிப்பு, சம்பளப் பட்டியலில் பெயர் ஏற மட்டும் தேவைப்படுகிறது.

இன்னொரு பதில், இது பகுதிநேர வேலைதானே என்பது. அதுவும் நியாயம்தான். கழிவறையும் பகுதிநேரமாகத்தானே நாறுகிறது!

2015இல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2018 ஏப்ரலில் மனு தள்ளுபடி. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு நோட்டீஸ்கூட இல்லாமல், அவர்களை வீட்டுக்கு அனுப்பியது அலுவலகம். ஆட்கள்தான் போனார்களே தவிர வேலை எங்கே போகும்? ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து அதே தரையைக் கூட்டினார்கள்.

இந்த மாதிரி வழக்குகளில் துறைகள் தூக்கிப்பிடிக்கும் கேடயம், உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பு. கொல்லைப்புற நியமனம் கூடாது என்றார்கள் ஐந்து நீதிபதிகள். கூடவே, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து ஆண்டுக்கு மேல், நீதிமன்ற உத்தரவின் தயவில்லாமல் வேலை பார்த்த தகுதியுள்ளவர்களை ஒருமுறை வரன்முறைப்படுத்தவும் சொன்னார்கள். முதல் பகுதி அதிகாரிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டாவது வந்ததும் கண் மங்கிவிடுகிறது. கொல்லைக் கதவைத் திறந்துவைத்தது யார்? நாளையிலிருந்து வேலைக்கு வா என்று கூப்பிட்டது யார்? தலை நரைக்கும்வரை வேலை வாங்கிவிட்டு, 'ஏன் கொல்லைப்புறமாக வந்தாய்?' என்று கேட்கிற திமிருக்கு அரசு முத்திரை வேறு.

நம்மூர் யோக்கியதை மட்டும் என்ன? தொழில் நிறுவனங்களில் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம் என்று 1981லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. தனியாருக்கு விடாதே, நிரந்தரமாக்கு என்று 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. சென்னையில் அவ்வளவு சுறுசுறுப்பாக எதையும் அள்ளி யாரும் பார்த்ததில்லை.

வழக்கை இழுப்பதில் அரசுக்கு என்ன நஷ்டம்? மேல்முறையீட்டுக்கு அதிகாரியின் சட்டைப்பையிலிருந்து ஒரு பைசா போகாது. வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழப்பவர் எதிர்த்தரப்பில் நிற்கிறார். அவருக்கு வயது ஏறுகிறது, கோப்புக்கு ஏறுவதில்லை.

உயர் நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீர் ஆணையத் தொழிலாளர்கள் பக்கம் நின்றது. உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாக்குகிறீர்கள் என்று துறைகளைக் கண்டித்து, உடனே வேலையில் சேர்த்து நிரந்தரமாக்கச் சொன்னது. கைதட்டிவிட்டு அடுத்ததையும் படியுங்கள்: பணித் தொடர்ச்சி உண்டு, ஆனால் வேலை பார்க்காத காலத்துக்குச் சம்பளம் கிடையாது. வேலை பார்க்கவில்லையாம்! ஆறு வருஷம் கதவைச் சாத்தி வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு மாதா மாதம் சம்பளம் வந்தது, அகவிலைப்படியோடு.