பனிக்காலத்துத் திருமுகங்கள்

டொரொன்டோ நகரத்துப் பள்ளிக்கூடங்கள் ஜனவரியில் திறந்தது தொட்டு மார்ச் விடுமுறை வரையில் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களை ஒருவன் ஒழுங்காக வாசித்து முடிப்பானேயானால், அவன் வேறு உத்தியோகம் எதுவும் பார்க்க இயலாது என்பதை உணர்ந்தே, என் மகனும் மருமகளும் அந்தக் கைங்கரியத்தை, ஸ்காபரோவில் அவர்களோடு வசிக்கும் பென்ஷன்காரனாகிய என் தலையில் கட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், வாத்தியார் அப்பாவைச் சந்தையில் கண்டு இரண்டு வார்த்தை சொல்லுவார். அதன் சாராம்சம் அன்று மாலையே என் முதுகில் பதிவாகிவிடும். இங்கேயோ சில அறிவித்தல்களைத் தமிழிலேயே பெயர்த்து அனுப்பும் அளவுக்கு மரியாதை. ஆகையால் விளங்கவில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

குளிர்கால உடுப்பைப் பற்றிய சுற்றறிக்கை ஒரு தனிச் சாஸ்திரம். முதலில் ஸ்னோ பாண்ட்ஸ், பிறகு சப்பாத்து, அதன்பின் ஜாக்கெட், தொப்பி, கடைசியிலேதான் கையுறை. கிரமம் தவறிக் கையுறையை முதலில் மாட்டிய பிள்ளை ஜிப்பை இழுக்க விரலின்றித் திண்டாடும். எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும் என்பது அடுத்த விதி. என் பேரனுக்கு நாமகரணம் செய்தபோது எண்சாஸ்திரம் பார்த்து உபரியாக இரண்டு எழுத்துக்களைச் சேர்த்திருந்தபடியால், அத்திருநாமம் ஒரு கையுறையில் அடங்காமல், இடக்கையில் முற்பாதியும் வலக்கையில் பிற்பாதியுமாக எழுதி அனுப்பினேன். வலக்கை தொலைந்தது, அந்தப் பிற்பாதிக்கு உரிய பிள்ளை எந்த வகுப்பு என்று விசாரித்து வேறொரு கடிதம் வந்தது.

பனிப்புயல் நாளில் விடியுமுன் வரும் அறிவித்தலோ தர்க்க சாஸ்திரிகளுக்கே உரியது: பள்ளிக்கூட பஸ்கள் ஓடமாட்டா, பள்ளிக்கூடங்கள் திறந்திருக்கும். பஸ் சாரதிக்கு அபாயமான தெரு பாட்டனாருக்கு அபாயமற்றது என்பதே இதிலிருந்து நான் பெற்ற சித்தாந்தம்.

பள்ளியாண்டின் நூறாவது நாள் பெப்ரவரியில் வருகிறது; அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் நூறு பொருள்களைக் கொண்டுவர வேண்டும். கச்சான் எண்ணலாம் என்றால், கச்சான் வகுப்பறைக்குள் நுழையக்கூடாது என்று முந்திய கடிதம் ஒன்று தடுக்கிறது. ஆகவே என் மனைவி ரசத்துக்குக் கரைத்து ஒதுக்கிய புளியங்கொட்டைகளைக் கழுவி உலர்த்தி எண்ணி அனுப்பினோம். இவை எவ்விதப் பிராணியின் எச்சமும் அல்ல என்று உறுதி கூறி, வாழ்நாளில் முதன்முறையாகப் பள்ளிக்கூடத்துக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன்.

அம்மாதக் கடைசியில் இளஞ்சிவப்புச் சட்டை தினம். 2007இல் நோவா ஸ்கோஷியாவில் அந்நிறச் சட்டை அணிந்து வந்து துன்புறுத்தப்பட்ட புதிய மாணவன் ஒருவனுக்குத் துணையாக, மேல்வகுப்பு மாணவர் இருவர் அதே நிறச் சட்டைகளை மலிவு விலைக் கடையில் வாங்கிச் சகமாணவர்களுக்குப் பகிர்ந்தார்கள் என்பதை அறிந்தபின், பரிகாசம் பண்ண எனக்கு மனம் வரவில்லை. ஒன்ராறியோ அரசாங்கம் 2008 முதல் பெப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமையைக் குடும்ப தினமென்று விடுமுறையாக்கியிருக்கிறது. அன்றைக்குக் கடிதம் வராதிருப்பது குடும்பங்களுக்கு அது செய்யும் பேருபகாரம்.

பீட்சா எந்தக் கிழமை, நூலகப் புத்தகம் எந்தக் கிழமை, கடுங்குளிரில் இடைவேளையை உள்ளே எப்படிக் கழிப்பார்கள் என்பதெல்லாம் அறிந்தவனாக நான் வாசலிலே காத்து நின்று, "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது, ராசா?" என்று விசாரித்தால், முதலாம் வகுப்பு மாணவனாகிய என் பேரன், "ஒண்டுமில்லை, அப்பப்பா" என்ற ஒரே விடையோடு அன்றைய சரித்திரத்தை முடித்துவிடுவான்.

இப்படியிருக்கையில் முதலாவது தேர்ச்சி அறிக்கை வந்தது. பொறுப்புணர்ச்சி, ஒத்துழைப்பு, தன்முயற்சி, தன்னடக்கம் முதலிய குணவிசேஷங்களுக்கு எழுத்துக்களால் மதிப்பிட்டு, கீழே ஆசிரியை அழகான வாக்கியம் ஒன்று எழுதியிருந்தார்: தம் எண்ணங்களைச் சகமாணவர்களுடன் உற்சாகமாகப் பகிர்ந்துகொள்ளும் இவர், அதற்கு ஏற்ற தருணங்களைத் தெரிந்தெடுப்பதில் தொடர்ந்து முன்னேற ஊக்குவிக்கப்படுகிறார். நானும் மகனும் அதை இரண்டு முறை வாசித்தோம். மகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "அப்பா, இது புகழோ, புகாரோ?" என்றான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பேரன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "டீச்சர் படிப்பிக்கேக்க நான் பக்கத்தில இருக்கிறவனோட கதைக்கிறனாம்."