பின்பாரம்

மாப்பிள்ளை, பிளேனுக்குப் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் எடுத்துச் சாமான் அடுக்கப் போறதா நேத்துச் சாப்பிடையில சொன்னீக. நல்ல யோசனை. படிச்ச மூளைக்குத்தான் இப்படித் தோணும். எங்களை மாதிரி ஆளுக இடம் பத்தலைன்னா சாமானைக் குறைப்போம். நீங்க பிளேனையே நீட்டப் பாக்குறீக. உங்களுக்குக் கை தாராளம்னு தரகர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் வேற எதையோ நெனச்சுக்கிட்டேன்.

நான் ஏரோப்பிளேன் படிச்சவன் இல்லை. திருப்பத்தூருக்கு நெல்லு மூட்டை ஏத்திப் போன பாரவண்டிதான் எனக்குத் தெரிஞ்ச வாகனம். ஆனா பகல் முழுக்க உங்க டென்வர் வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறவனுக்குப் பொழுது போக வேணாமா? மேசை மேல உங்க பிளேனோட செஸ்னா 172எஸ் புஸ்தகம் ஒண்ணு மடிப்புக் கலையாமக் கெடந்துச்சு. பேத்தியைத் தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிள்ளை நல்லா வாசிக்கிறா. நீங்களும் ஒரு நாள் அவகிட்ட கேட்டுக்கலாம்.

அதுல போட்டிருக்கிறதைக் கேளுங்க. பின்சீட்டுக்குப் பின்னால, கதவைத் திறந்ததும் இருக்கிற இடத்துக்கு 120 பவுண்டு, நம்ம கணக்குக்கு 54 கிலோ. அதையும் தாண்டி, வால் பக்கம் ஒடுங்கிப் போற இடத்துக்கு 50 பவுண்டு, 23 கிலோ. ரெண்டையும் கூட்டினா எம்புட்டு? 170ன்னு டக்குனு சொல்வீக, நீங்க என்ஜினியரு. செஸ்னாக்காரன் ரெண்டுக்கும் சேர்த்தே 120ன்னு எழுதி வச்சிருக்கான். கணக்குத் தெரியாத பய போலிருக்கு.

நீங்க கேக்கிற கூடுதல் இடத்தை அவன் எப்பவோ குடுத்துட்டான் மாப்பிள்ளை. எடையைத்தான் குடுக்கலை.

சரி, இருக்கிற எடையை ஒரு தடவை போட்டுப் பாப்போம்னு பேத்தி கையில பென்சிலைக் குடுத்தேன். பிளேன் தரையை விட்டுக் கெளம்பையில எல்லாம் சேர்ந்து 2,550 பவுண்டு, 1,157 கிலோ தாண்டக் கூடாது. உங்க பிளேன் காலியா 1,700 பவுண்டுன்னு அதோட காகிதத்துல இருக்கு. மிச்சம் 385 கிலோ. டாங்கை நெறைச்சா 200 லிட்டர் பெட்ரோல், அது 144 கிலோ. இன்னும் 241 கிலோ இருக்கு. நாலு சீட்டு, நாலு பேரு: நீங்க, மக, பேத்தி, உங்க அத்தை. நான் வரலை, அதை முதல்லயே சொல்லிக்கிறேன். ஆளுக்கு 75 கிலோன்னு மரியாதையா ஒரு கணக்கு வச்சா 300. பெட்டி ஒண்ணு கூட ஏத்தலை, அதுக்குள்ள 59 கிலோ கூடிப் போச்சு.

பெட்ரோலைக் குறைச்சுக்கிறலாம்பீக. குறைங்க. நாலு பேரு போக 85 கிலோவுக்குப் பெட்ரோல் போடலாம், கிட்டத்தட்ட 118 லிட்டர். மணிக்கு 35 லிட்டர்னு வச்சா மூணு மணி நேரத்துக்கு வரும், பெட்டி இல்லாம. அதுல 54 கிலோ சாமானை ஏத்திட்டா பெட்ரோலுக்கு 31 கிலோதான் மிச்சம், 43 லிட்டர். பகல்ல பறந்தாலும் அரை மணி நேரத்துக்கான பெட்ரோல் கடைசியில கையிருப்பு இருக்கணும்னு இந்த ஊருச் சட்டம். அது போக முக்கால் மணி நேரம் பறக்கலாம். நீங்க போகணும்ங்கிற மோவாப் ஊரு, மலைக்கு அந்தாண்ட ரெண்டு மணி நேரம். முக்கால் மணி நேரத்துல என்ன வரும்னு வரைபடத்துல பாத்தேன். பாறைதான் வருது.

ஏத்த வேண்டிய சாமான் என்னன்னா கூடாரம், நாலு நாற்காலி, ஐஸ் பெட்டி, அடுப்பு, அதுக்கு மேல எங்கவூட்டு ரைஸ் குக்கர். குக்கர் வேணாம்னு சொல்ல உங்களுக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. அதனால பிளேனை நீட்டுவோம்னு கெளம்பிட்டீக. நியாயம்தான்.

ஆனா பாரம் எம்புட்டுங்கிறது பாதிக் கணக்கு. எங்க உக்காந்திருக்குங்கிறதுதான் மீதி. வண்டியில மூட்டை பின்னால ஒதுங்கிச்சுன்னா பின்பாரம்பாக. நுகம் மேல தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும். முன்பாரம்னா நுகம் அழுத்தி மாடு முட்டி போட்டுரும். மாடு தலையை ஆட்டின உடனே இறங்கி ஒரு மூட்டையை நகத்தி வைப்போம். பிளேன்ல அந்தச் செய்தி தரையில தெரியாது, ஏறின பெறகுதான் தெரியும். அங்க இறங்கி நகத்த முடியுமா?

பேத்தி ஒரு படத்தைக் காமிச்சா. முன்னால ஒரு குறிப்பிட்ட இடத்துல இருந்து அளந்தா, முழுப்பாரம் ஏத்தின பிளேனுக்கு எடையோட நடுப்புள்ளி 41 அங்குலத்துக்கும் 47.3 அங்குலத்துக்கும் நடுவுல நிக்கணுமாம். நடமாட்டத்துக்கு இடம் மொத்தமே ஆறு அங்குலம் சொச்சம், ஒரு சாணு கூடத் தேறாது. முன்சீட்டுக்காரவுக 37ல, பின்சீட்டுக்காரவுக 73ல, முதல் சாமான் இடம் 95ல, அந்த ஒடுங்கின கடைசி இடம் 123ல. அந்தக் கடைசியில 23 கிலோ வச்சா நடுப்புள்ளி ஒண்ணரை அங்குலம் வாலுப் பக்கம் போயிரும். நீங்க இன்னும் பின்னால தோண்டி அங்க வைப்பேங்கிறீக. ஐஸ் பெட்டி ஒண்ணே போதும்.

பின்பாரமானா என்ன ஆகும்? மொதல்ல நல்லாத்தான் இருக்கும், அதான் சூது. சாதாரணமா வால் கீழ்ப்பக்கம் அழுத்திக்கிட்டே வரும். பின்னால கனம் கூடினா அந்த அழுத்தம் கொஞ்சமா இருந்தாப் போதும், பிளேன் ஒரு சிட்டிகை வேகமாக்கூடப் போகும். கைப்பிடி வெண்ணெய் மாதிரி எளக்கமா இருக்கும். பரவாயில்லையே, மாமன் பயந்தாங்கொள்ளின்னு நெனப்பீக. வேகம் குறைஞ்சு மூக்கு மேல தூக்குற நேரத்துலதான் கணக்குத் தீரும். ரெக்கை தாங்குறதை விட்டா மூக்கைக் கீழ தள்ளித்தான் மீளணும். வாலு கனமா இருந்தா மூக்கு கீழ வராது.

இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. கனமான ஆளை முன்சீட்டுல உக்கார வைக்கணுமாம். உங்க அத்தை உங்களுக்குப் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து வந்தா நடுப்புள்ளி சரியாயிரும். மத்ததெல்லாம் சரியா இருக்குமான்னு புஸ்தகத்துல போடலை.

வேற ஆளுக நீட்டலையான்னு கேப்பீக. நீட்டத்தான் செய்யிறாக. அலாஸ்காவுல ரோடு இல்லாத ஊருக்கெல்லாம் பைப்பர் சூப்பர் கப், செஸ்னா 180ன்னு பழைய பிளேன்கள்லயும் போக்குவரத்து உண்டு. வேட்டைக்கறி, பெட்ரோல் டின்னு, பனிச்சறுக்குக் கட்டை எல்லாம் அதுக்குள்ளதான். சூப்பர் கப் 1949ல வந்தது, துணி போத்தின ஒல்லிப் பிளேன். பின்தடுப்பைக் கழட்டி வால் கூட்டுக்குள்ள ஃபைபர்ல தரையும் சுவரும் போட்டு இடம் எடுக்கிற கிட்டு அதுக்குக் கெடைக்குது. நீளமான சாமான், துடுப்பு, தூண்டில் கம்பு, படுக்கைச் சுருள், எடையில்லாத பஞ்சு மூட்டைன்னு வைக்க அது தங்கமான ஏற்பாடு. ஆனா இடம் நீண்டதுக்காக யாரும் எடையை நீட்டிக் குடுக்கிறதில்லை. அந்தத் தரையும் ஆணியும் சேர்ந்து நாலு கிலோ தின்னா, அது வாலுக்குப் பக்கத்துலயே தின்னுது. வயித்துக்குக் கீழ பெட்டி கட்டுறாகளே, கேரவான் பிளேன்ல பாத்திருப்பீக, அது கொஞ்சம் புத்திசாலித்தனம். நடுப்புள்ளிக்குப் பக்கத்துலயே பாரம் நிக்கும். காத்துல இழுவைதான் கூடும்.

நீங்களே ப்ளைவுட் வாங்கியாந்து ஞாயித்துக்கிழமை அறுத்து அடிச்சிரலாம்னு நெனச்சீகன்னா, அதையும் சொல்லிடுறேன். அந்தத் தடுப்புக்குப் பின்னாலதான் வாலை ஆட்டுற கம்பிவடம் எல்லாம் ஓடுது. பையோட வாரு ஒண்ணு அதுல போய்ச் சிக்கினா பிளேன் உங்க பேச்சைக் கேக்காது, பையோட பேச்சைத்தான் கேக்கும். அதுக்குத்தான் எஃப்.ஏ.ஏ.ங்கிற இந்த ஊரு விமானத் துறை ஒத்துக்கிட்ட வரைபடம், எஸ்.டி.சி.ன்னு ஒரு தாளு, கையெழுத்துப் போட அதிகாரமுள்ள மெக்கானிக்கு, 337ன்னு ஒரு படிவம். முடிஞ்சதும் பிளேனோட காலி எடையும் நடுப்புள்ளியும் புதுசா எழுதணும்.

இடம் வேணும்னா ஜெர்ரி மாக்கைப் பாருங்க. ஒஹையோவுல கொலம்பஸ் ஊரு, மூணு பிள்ளைக்குத் தாயி. 1964 மார்ச் 19ல ஒரு செஸ்னா 180ல தனியாக் கெளம்புச்சு. 1953ல செஞ்ச பிளேன், புதுசு கூட இல்லை. உலகத்தைச் சுத்திட்டு ஏப்ரல் 17ல ஊரு திரும்புச்சு, 29 நாளு. பொம்பளை ஒத்தையில உலகத்தைச் சுத்தினது அதுதான் மொதல். அந்தப் புள்ளை பிளேனை நீட்டலை. சீட்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல பெட்ரோல் டாங்கு வச்சுக்கிச்சு. அந்தப் பிளேன் இன்னைக்கு ஸ்மித்சோனியன் காட்சியகத்துல இருக்கு. லிண்ட்பெர்க்குனு ஒருத்தரு 1927ல அட்லாண்டிக்கைத் தாண்டினப்ப ரேடியோ வேணாம், பாராசூட் வேணாம்னு விட்டதோட வரைபடத்தோட ஓரத்தையும் கத்தரிச்சுக்கிட்டாராம். சாப்பாட்டுக்கு அஞ்சே சாண்ட்விச். நம்ம வீட்டுல அது காலை டிபனுக்கே காணாது.

இன்னொண்ணு. உங்க ஊரு தரையே 5,280 அடி உசரத்துல கெடக்கு. காத்து லேசு, கோடையில இன்னும் லேசு. 180 குதிரைச் சக்தி என்ஜின்ல ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு இங்கயே காணாமப் போயிருது. கொலராடோவுல 14,000 அடிக்கு மேல நிக்கிற மலை மட்டும் அம்பதுக்கு மேல இருக்காம். உங்க பிளேன் ஏறக்கூடிய உச்சியும் 14,000 அடின்னு புஸ்தகம் சொல்லுது. குக்கரோடவா, குக்கர் இல்லாமலான்னு அவன் எழுதலை.

கேலியை நிறுத்திட்டு ஒண்ணு சொல்றேன். 2003 ஜனவரி 8ல வட கரோலினா சார்லட்ல பத்தொன்பது பேரு ஏறுற பிளேன் ஒண்ணு, ஏறின கையோட விழுந்துச்சு. பைலட்டு ரெண்டு பேரையும் சேர்த்து 21 பேரும் போயிட்டாக. வால் கம்பிவடத்தைப் பட்டறையில தப்பா முடுக்கியிருந்தாக. அதோட பின்பாரமும் சேர்ந்துக்கிச்சு. யாரையும் தராசுல ஏத்தலை. ஆளுக்கு இத்தனைன்னு ஒரு சராசரியைப் போட்டுக் கூட்டியிருந்தாக. ஆளுக அந்தச் சராசரியை விடக் கனம். அதுக்குப் பெறகுதான் எஃப்.ஏ.ஏ. அந்த எண்ணையே உயர்த்துச்சு.

நான் மேல போட்ட 75ம் அந்த மாதிரிச் சராசரிதான். பேத்தியையும் பெரிய ஆளாச் சேர்த்திருக்கேன். அதுல மிச்சம் வர்றதை வேற ஒருத்தர் சரிக்கட்டிருவாக, யாருன்னு நான் சொல்லலை. உங்க பிளேன் சின்னது, சராசரி செல்லாது. ஒவ்வொருத்தரோட நெசமான எடையையும் கேட்டு எழுத வேண்டியது பைலட்டு. நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கலை, கேக்கவும் மாட்டேன். தராசு குளியலறையில இருக்கு, அத்தை அடுப்படியில குக்கரைத் தொடைச்சுக்கிட்டு இருக்காக. பேனாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் வாசல்ல காத்தாட உக்காந்திருக்கேன்.