டிராகுலாவின் மீசை

1984-ல் கொட்டாரத்தில் டிராகுலா விஷயத்தில் கடைசித் தீர்ப்பு என்னுடையது. டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுகிற காலம். அறுப்பு முடிந்த களத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே கிறிஸ்டோபர் லீ நடித்த 1958-ஆம் வருடத்து டிராகுலா. நான் நாகர்கோவிலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்ததால், விளக்கம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கடைசியில் வான் ஹெல்சிங் திரைச்சீலையைப் பிய்த்து இழுக்க, வெயில் பட்டு டிராகுலா சாம்பலானான்.

"புத்தகத்திலயும் இப்படித்தானாடே?" என்றார் பக்கத்து வீட்டு அத்தான்.

"அப்படியே எடுத்திருக்கான் அத்தான். ஒரு வரி மாத்தல்ல."

பிராம் ஸ்டோக்கரின் புத்தகத்தை அதுவரை நான் அட்டையாகக்கூடப் பார்த்ததில்லை.

ஆச்சி மட்டும் ஒப்பவில்லை. "வெயிலு பட்டா சாவுகதெல்லாம் ஒரு பேயா மக்கா? நம்ம நீலி உச்சைக்குல்லா வந்து சுண்ணாம்பு கேப்பா!"

புத்தகம் கைக்கு வந்தது, ஓய்வு பெற்ற பிறகு. 1897-ல் வந்த நாவல். முழுக்க டைரியும் கடிதமும் தந்தியும். வாசிக்க வாசிக்க எனக்கு வியர்த்தது. டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலியில் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். பகலில் அவனுக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் சாகடிக்கிற யோசனை 1922-ல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் வந்தது. உரிமை வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டுப் பிரதிகளை அழிக்கத் தீர்ப்பே வாங்கினார். படத்தை அழிக்கச் சொன்னார்கள், அந்தச் சாவு மட்டும் தப்பித்துக் கொட்டாரம் வரை வந்துவிட்டது.

நாவலில் அவனை முடிப்பவை இரண்டு கத்திகள். ஒன்று அமெரிக்கன் ஒருவனின் வேட்டைக்கத்தி. இன்னொன்று, கதாநாயகன் ஹார்க்கர் கையிலிருக்கும் குக்ரி. நம் கூர்க்காக்கள் இடுப்பில் செருகுவதேதான். லீயின் படத்தில் ஹார்க்கர் பாதியிலேயே செத்துப்போகிறான், பிறகு குக்ரியை யார் வீசுவது? மீசை சமாச்சாரம் அதைவிட மோசம். நாவலின் டிராகுலாவுக்கு நீளமான வெள்ளை மீசை உண்டு. 1931-ல் பேலா லுகோசி மழுமழுவென்று வந்தார், லீயும் அப்படியே. பிடரியை மறைக்கும் அந்தக் காலர்கூட நாடகக்காரர்கள் தைத்தது. நடிகர் முதுகைக் காட்டி நின்று, மேடையின் தரைக்கதவு வழியே மாயமாவதற்காம். 1992-ல் கொப்போலா, ஸ்டோக்கரின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு, அவர் எழுதாத பூர்வஜென்மக் காதலைச் சொருகினார்.

இவ்வளவும் இப்போது எனக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. அத்தானும் இல்லை, களமும் இல்லை. அங்கே வீடுகள் வந்துவிட்டன.

போன மாதம் பேத்தி போனில் 'லோகா' பார்த்துக்கொண்டிருந்தாள். 2025-ல் வந்த மலையாளப் படம். கள்ளியங்காட்டு நீலி அதில் பெங்களூரில் குடியிருக்கிறாள், பறந்து பறந்து அடிக்கிறாள். "கதையை இப்படியா மாத்துவான்!" என்று குதித்தேன்.

"எந்தக் கதைய பாட்டா?"

சட்டென்று சொல்ல வரவில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுப் புலவர் பாடும் நீலி பழையனூர்க்காரி. அது வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியைத் தன் புருஷன் என்று வழக்காடுவாள். முப்பந்தலில் அவளே இசக்கி. மலையாளத்தார் சொல்லும் நீலி கடமற்றத்துக் கத்தனாருக்கு அடங்கினவள். கள்ளியங்காடோ நாகர்கோவிலை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்தவர்கள் நீலியைப் பாகம் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

"எங்க ஆச்சி சொன்ன கதை மக்ளே" என்றேன்.

"அதுல அவ எப்படிச் சாவா?"

"நீலி எங்க சாவா?"

"இதுலயும் சாகல்லியே" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.