எண்ணூறுக்காரர்

எண்ணூறுக்காரர் என்பவர் 2000-க்கு முன் வாங்கிய மாருதி 800 காரை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர். வயது அறுபதுக்கு மேல். வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிக்கு 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. நின்ற செய்தியை மட்டும் அவர் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

ஆண்டு முழுவதும் சாதுவான மனிதர். புகைச் சான்றிதழ் எடுக்கும் நாளில்தான் வேறு ஆளாகிவிடுவார். பழைய வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த நாள் வரும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு சான்றிதழ் இல்லாததற்கான அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். வண்டியை விற்றாலே எவ்வளவு தேறும் என்பது அவருக்குத் தெரியுமாகையால் தேதியைத் தவறவிடுவதில்லை.

சோதனை நடப்பது பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கும் ஆம்னி வேனில். அந்த வேனுக்குள் இருப்பதும் இதே 796 சி.சி. எஞ்சின் குடும்பம்தான், தம்பி அண்ணனைச் சோதிக்கிறான். சைலென்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, கருவி இரண்டு எண்களைப் படிக்கிறது. ஒன்று கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.), மற்றது எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்திய கார்களுக்கு முதலாவது 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இரண்டாவது பத்து லட்சத்தில் 1500 பங்கைத் தாண்டக்கூடாது. பாரத் ஸ்டேஜ் 4 காருக்கு இதே எண்கள் 0.3, 200. அதாவது சட்டம் அவருக்கு முதல் எண்ணில் பத்து மடங்கும் இரண்டாவதில் ஏழரை மடங்கும் சலுகை தந்திருக்கிறது. ஆனாலும் பழைய வண்டிக்காரன் என்றால் அரசாங்கத்துக்கு இளக்காரம் என்பதே அவருடைய கட்சி.

“சார், சி.ஓ. 4.6 காட்டுது.”

“புகையே வரலையே தம்பி!”

எண்ணூறுக்காரரை மற்ற கார்க்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் வாக்கியம் இதுதான். இதில் அவர் தவறு பாதி, பெயரின் தவறு பாதி. ஊரெல்லாம் புகைச் சோதனை என்று சொன்னாலும் பெட்ரோல் காரில் யாரும் புகையை அளப்பதில்லை. அது டீசல் வண்டிக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. கருவி அதை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடிக்கிறது. எண்ணூறுக்காரர் கண்ணால் தேடுகிறார். வெள்ளைக் கைக்குட்டையைக் குழாய் வாயில் பத்து விநாடி பிடித்து, “பாரு, ஆவிதான்!” என்று கூட்டத்துக்குக் காட்டுகிறார். கைக்குட்டையில் உலர்ந்த கரி வட்டமாகப் படிந்திருக்கும். பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

அடுத்து நோய் கண்டறியும் படலம். இதில் அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. முதல் குற்றவாளி கருவி, இரண்டாவது பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள், அதனால்தான் என்பார். எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அது கலவையை மெலியச் செய்து கார்பன் மோனாக்சைடைக் குறைக்கவே செய்யும். தமக்கு உதவ வந்தவனைத்தான் அவர் கூண்டில் ஏற்றுகிறார். பழைய ரப்பர் வாஷர்களை எத்தனால் பதம் பார்க்கும் என்பது உண்மையான புகார். அதை அவர் சொல்வதில்லை.

மூன்றாவதாக, வேறு வழியில்லாமல், வண்டி. இங்கே அவர் மெக்கானிக் பாயிடம் போகிறார். பாய் முப்பது ஆண்டாக இதே வண்டியின் வைத்தியர். கருவி தந்த சீட்டை ஒரு பார்வை பார்த்தாலே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். சி.ஓ. மட்டும் ஏறியிருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அது கிடைக்காதபோது கார்பன் பாதி எரிந்து நிற்கிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் எங்கோ பற்றவே இல்லை: பிளக், பிளக் ஒயர், டைமிங், அல்லது முழுதாக மூடாத வால்வு. மூன்று சிலிண்டரில் ஒன்று மிஸ்ஸானால் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் அப்படியே தெருவுக்குப் போகிறது. இரண்டுமே ஏறியிருந்தால் பெட்ரோல் மிகுந்து பிளக்கே நனைந்துபோயிருக்கலாம்.

பாய் பிளக்கைக் கழற்றிக் காட்டுவார். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. வெளுத்திருந்தால் கலவை மெலிவு, பிசுபிசுப்பு இருந்தால் ஆயில் ஏறுகிறது, மசிக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணூறுக்காரர் கரியைப் பார்த்து, “காபி கொஞ்சம் ஸ்ட்ராங்” என்பார்.

பெட்ரோல் மிகுவதற்குக் காரணங்கள் நாலைந்துதான், மலிவானதிலிருந்து தேட வேண்டும். முதலாவது ஏர் ஃபில்டர். இதை மாற்றுவதில் எண்ணூறுக்காரருக்கு நம்பிக்கை கிடையாது. தரையில் தட்டி, காற்றடித்து, திரும்பப் போடுவார். ஐந்தாறு ஆண்டு தட்டு வாங்கிய ஃபில்டரின் மடிப்புகளில் காற்று நுழைய இடமே இருக்காது. இரண்டாவது சோக். டாஷ்போர்டில் உள்ள குமிழை உள்ளே தள்ளினால் சோக் திறந்துவிட்டதாக அவர் நினைக்கிறார். கேபிள் துருப்பிடித்திருந்தால் குமிழ் மட்டும் போகும். கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு பாதி மூடியே நிற்கும். மூன்றாவது, கார்புரேட்டர் தொட்டியின் மிதவையும் ஊசியும். ஊசி தேய்ந்தால் பெட்ரோல் நிற்காமல் வழியும்; லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டரும் அதோடு இறங்கும். மைலேஜ் கணக்கைத் தனி நோட்டில் எழுதி வரும் எண்ணூறுக்காரர் அந்த இறக்கத்துக்கு எதிரே ‘டிராஃபிக்’ என்று குறித்திருப்பார்.

நீலப் புகை இன்னொரு விவகாரம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபுக் மட்டும் வந்தால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். ரிங் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். ஆகவே அந்தச் சொல்லை பாயும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

பூட்டிய வண்டியை வீட்டிலிருந்து எடுத்து முந்நூறு அடி தள்ளியுள்ள பங்கில் நிறுத்திச் சோதனைக்குக் கொடுப்பதும் எண்ணூறுக்காரரின் வழக்கம். சூடேறாத எஞ்சின் நல்ல எண் காட்டாது. பத்து நிமிடம் ஓட்டி வந்தாலே எண் கொஞ்சம் இறங்கிவிடும். அது பெட்ரோல் தண்டம் என்பார். சைலென்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து எண் குறையும் என்பதை மட்டும் எப்படியோ கேள்விப்பட்டிருப்பார். ஓட்டையை அடைக்காமல் வைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். நான்கு வாயுக்களை அளக்கும் கருவி ஆக்சிஜன் மிகுதியைப் பார்த்து அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் பாய் புது ஃபில்டர் போடுகிறார், சோக் கேபிளுக்கு எண்ணெய் விடுகிறார், கார்புரேட்டரின் பெட்ரோல் திருகை அரைச் சுற்று உள்ளே முடுக்குகிறார். சி.ஓ. 1.8, ஹைட்ரோகார்பன் 640. சீட்டு வருகிறது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, 1997 முதல் சேர்ந்த சீட்டுகளோடு டாஷ்போர்டு அறையில் அடுக்குகிறார்.

திரும்பும் வழியில் மேம்பாலம் ஏறும்போது வண்டி கொஞ்சம் திணறுகிறது. பாலம் இறங்கியதும் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தத் திருகை அரைச் சுற்று வெளியே விடுகிறார். கையில் பட்ட கரியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறார். சான்றிதழ் இன்னும் ஆறு மாதம் செல்லும்.