ஒன்பது மாவும் இரண்டு பெண்களும்

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு ஒன்பது மா நஞ்சை உண்டு. ஏக்கர் கணக்கில் மூன்று. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம். 1980-களில் அதன் விவசாயத்தைத் தாங்கியவள் அம்மா. இன்று தாங்குகிறவர் அண்ணி. பட்டா அன்று அப்பா பெயரில் இருந்தது, இன்று அண்ணன் பெயரில் இருக்கிறது.

அம்மாவின் விவசாயம் விதையில் தொடங்கும். குறுவைக்கு ஏ.டி.டி. 36, சம்பாவுக்குப் பொன்மணி. அறுப்புக்கு முன்பே வயலில் இறங்கி, உயரத்திலும் நிறத்திலும் மாறி நிற்கும் கலவன் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நன்றாக விளைந்த ஒரு மூலையை விதைக்கென்று ஒதுக்குவாள். அந்த நெல்லைத் தனியாக அடித்துத் தூற்றி, வெயிலில் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்ப்பாள். நறுக்கென்று உடைந்தால்தான் காய்ச்சல் போதும் என்பாள். பிறகு நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் குதிரில் வைப்பாள். நாற்று விடும் நாள் நெருங்கியதும் ஈரத் துணியில் நூறு நெல்லை முடிந்து வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணுவாள். அவள் சொல்லும் கணக்கை வைத்துத்தான் அப்பா விதையை அளந்து எடுப்பார்.

நடவன்று ஆட்களுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் அவர்களோடு இறங்கி நடுவாள். அறுப்பு முடிந்ததும் களத்தில் கூலி நெல்லை மரக்காலில் அளந்து போடுவதும் அவள்தான். யார் முன்கூலி வாங்கியிருக்கிறார்கள், யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்தால் நெல் அவிப்பது, மாடு, சாணி, அடுப்பு. நடவுக் காலம் முழுக்க அவள் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறாமல் இருக்கும். ராத்திரி மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு படுப்பாள். அந்தப் பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட என்னால் முடியாது.

ஆனால் அதில் அவளுக்கென்று ஒன்று இருந்தது: உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண்ணில் ஈரம் காயுமுன், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவாள். கையால் அறுத்த பிறகு, அரிதாள்களுக்கு நடுவே அது தலைகாட்டும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். இருக்கிற ஈரமும் பனியுமே வளர்த்துவிடும். நெல் விற்ற பணம் அப்பா கைக்குப் போகும். உளுந்து விற்ற பணம் அம்மாவின் முந்தானை முடிச்சுக்கு வரும். என் பள்ளிக்கூடச் செலவு அந்த முடிச்சிலிருந்துதான் வந்தது.

அண்ணிக்குச் சேற்றுப்புண் இல்லை. தட்டில் வளர்த்த நாற்றை இயந்திரம் நடுகிறது. விதை நீலச் சீட்டு போட்ட பையில் வருகிறது. நெல் அவிப்பது மில்லுக்குப் போய்விட்டது. வீட்டில் கேஸ் அடுப்பு எரிகிறது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அம்மாவின் முதுகுக்கு இவையெல்லாம் முப்பது வருடம் முந்தியே வந்திருக்க வேண்டும்.

குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2012 முதல் 2019 வரை அந்தத் தேதியில் திறக்கவில்லை. அண்ணனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனது அந்த வருடங்களில்தான். அதன்பிறகு எந்த ரகம் போடுவது, எப்போது உரம் வைப்பது, எந்தத் தண்ணீரை நம்புவது என்று முழு விவசாயமும் அண்ணி தலையில். ஆத்தூர் பக்கமிருந்து வரும் அறுவடை மிஷினுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவைக்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் கிளறுகிறார். மேகம் கூடினால் தார்ப்பாயோடு ராத்திரியெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு மிஷின்காரர் போனில் சொல்வது: “அண்ணன்கிட்ட குடுங்கக்கா, வாடகையைப் பேசிக்கிறோம்.”

உளுந்தும் போய்விட்டது. மிஷின் சக்கரம் ஏறிய தடத்தில் முளை நசுங்கிப் போகிறது. மிஷின் என்றைக்கு வரும் என்று தெரியாததால் தெளிக்கும் நாளையும் கணிக்க முடியவில்லை. அம்மாவின் உடம்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே மிஷின், அம்மாவிடம் இருந்த ஒரே சொந்தக் காசை அண்ணியிடம் இல்லாமல் ஆக்கிவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அண்ணி கணக்குக்கு வருகிறது. அது பெரிய ஆறுதல். ஆனால் நெல் போட்ட பணமும், மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாயும் சிட்டாவில் பெயர் உள்ளவர் கணக்குக்கே போகின்றன. பயிர்க்கடனுக்கும் அதே சிட்டாதான்.

அப்பா இறந்தபோது, 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எனக்கும் அண்ணனுக்கும் சம பங்கு இருந்தது. “புள்ள பேர்ல இருந்தா போதும்” என்று அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். நகரத்துக்குப் போய்விட்ட மகளான எனக்குக் கொடுத்த பங்கை, அங்கேயே உழைக்கிற மருமகளுக்கு அந்தச் சட்டம் கொடுக்கவில்லை. கணவர் உயிரோடு இருக்கும்வரை அவர் நிலத்தில் மனைவிக்கு அது பங்கு தருவதில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெண்கள் பெயரில் பதிவான சாகுபடிக் கைப்பற்றுகள் சுமார் 14 சதவீதம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 2012-இல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், விவசாயம் செய்கிற பெண்ணுக்கு விவசாயி என்ற சான்றிதழும் அதற்குரிய உரிமைகளும் வேண்டும் என்றது அது. சட்டமாகாமலே காலாவதியானது. 2026-ஐப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. அதே ஆண்டில் அந்த மசோதாவை மறுபடி எடுத்தால் நல்லது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பட்டா மாற்ற இன்றைய சட்டமே போதும். பாதி நிலத்தை அண்ணி பெயருக்கு எழுதிக் கொடு என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது பார்க்கலாம் என்றிருக்கிறான். பதிவுச் செலவில் பாதியை நான் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அண்ணி கடனுக்குப் போனாலும், நஷ்டஈட்டுக்கு மனு கொடுத்தாலும், மிஷின் வாடகை பேசினாலும், இது என் நிலம் என்று சொல்லிப் பேச வேண்டும்.