கேண்டீன் சாம்பாரும் தொழிலுறவும்: ஒரு முன்னோடி ஆய்வு

தொழிற்சாலையில் மனிதவள ஆலோசகர் என்னதான் செய்கிறார் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆளெடுக்கிறார் என்பது நிர்வாகத்தின் கட்சி. மெமோ கொடுக்கிறார் என்பது தொழிலாளர் கட்சி. ஒன்றுமே செய்வதில்லை என்பது புரொடக்‌ஷன் மேனேஜர்களின் துணிபு. மூன்றையும் இவ்வாய்வு மறுக்கிறது. அவர் சாம்பாரைக் கவனிக்கிறார்.

இதற்குச் சட்டச் சான்று உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46ஆம் பிரிவில், மாநில அரசுக்குத் தந்தது. ஆக, அப்போது 250 பேர் வரை சாம்பார் வெறும் குழம்பு. 251ஆவது ஆள் பஞ்ச் அடித்ததும் அது சட்டப் பொருளாயிற்று. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ வரம்பை 100க்கு இறக்கி, காண்ட்ராக்ட் ஆட்களையும் கணக்கில் சேர்த்தது. சாம்பாரின் ஆட்சிப் பரப்பு விரிந்துகொண்டே போகிறது.

கள ஆய்வு ஒரகடம் பக்கம், பெயர் சொல்ல விரும்பாத ஓர் உதிரிபாக ஆலையில் நிகழ்ந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வரிசையிலேயே பாதி கரைந்துவிடும். ஒருநாள் கடைசி பேட்ச் ஆள் ஒருவர் தட்டோடு நேரே ஹெச்.ஆர். அறைக்கு வந்து, அதை மேசையில் வைத்தார்.

“சார், இதுல பருப்பு எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க.”

ஆலோசகர் ஸ்பூனால் துழாவினார். முருங்கைக்காய் ஒரு துண்டு, கறிவேப்பிலை இரண்டு இலை அகப்பட்டன. கேண்டீன் கான்ட்ராக்டர் வரவழைக்கப்பட்டார். “பருப்பு நல்லா கரைஞ்சிடுச்சு சார்” என்றார். வேதியியல்படி மறுக்க முடியாத வாதம்.

சம்பளத் தகராறு இவ்வளவு சிக்கலானதல்ல. தொழிலாளர் அதிகாரி முன்னால் சமரச ஒப்பந்தம் போட்டுவிட்டால் சில ஆண்டுகள் மூச்சு விடலாம். சாம்பார் ஒப்பந்தமோ தினமும் மதியம் காலாவதியாகிறது.

இதுவரை எந்த ஆய்வாளரும் தொடாத இடம் இனிமேல்தான். சாம்பார் நீர்த்ததாகப் புகார் குவியும் நாளில் பாத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓ.டி. கணக்கு விட்டுப்போயிருக்கும், தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட லீவை யாரோ சூப்பர்வைசர் மறுத்திருப்பார். அதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்று டிரெய்னிக்குப் பயம், காண்ட்ராக்ட் ஆளுக்கு அதைவிடப் பயம். சாம்பாரைத் திட்டியதற்காக எவரையும் வேலையை விட்டு நிறுத்தியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆகவே எல்லாக் குறையும் சாம்பாரில் வந்து விழுகிறது. விவரமறிந்த ஆலோசகர் முதலில் அட்டெண்டன்ஸைப் புரட்டுவார். கான்ட்ராக்டரைப் பிறகு கூப்பிடுவார்.

ஆபீசர் டைனிங்குக்கும் அதே அண்டாவிலிருந்துதான் சாம்பார் போகிறது. அங்கே மட்டும் பருப்பு கரைவதில்லை. காரணம் ஆராயத்தக்கது, அனுமதி கிடைக்கவில்லை.

மனிதவள ஆலோசகர்களுக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். அதுவும் கடைசி பேட்ச்சில்.